கட்டைவிரல் ஆடும் வரை

ஒசாகா,
டிசம்பர் 16

அன்பு மகள் மிட்சுயோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடல் தாண்டி அங்கே மழையும் குளிருமாக இருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷின்பெயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே நான் சௌக்கியம். எப்போதும் இருவரும் சௌக்கியம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை அப்பாவையும் சேர்த்து எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. உடனே பதறாதே, அவர் பக்கத்து அறையில் கணப்புப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஆரஞ்சு உரித்துத் தா என்று இப்போதுகூடக் குரல் கொடுத்தார். ஆனால் நான் பயந்துபோய் இருக்கிறேன் மிட்சு. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கே ஏதாவது ஆகிவிடும் போலிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. உனக்கும் சொல்லக் கூடாது, அவரோடு வாசிக்கிற குழுவில் இருப்பவர்களுக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். குழுவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், பாதி சத்தியத்தையாவது காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்.

கோடையில் எழுதியிருந்தேனே, தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் அப்பாவும் மாமாக்களும் வாசித்து விழுகிற 'ஓட்டை வாளிகள்' நிகழ்ச்சியின் பழைய நாடா ஒன்று கிடைத்தது என்று. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம், நம் நிகழ்ச்சியை எல்லாம் அழித்துவிட்டு அதன்மேலேயே பேஸ்பால் ஆட்டத்தைப் பதிவு செய்துவிட்டார்கள், எப்படியோ இது ஒன்று தப்பியிருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம், கோடு கோடாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா இடத்தை நிரப்பப் போட்டார்களாம். அவ்வளவுதான், கடிதம் வந்து குவிந்துவிட்டது, நம் வயசு ஆட்கள் எழுதினால் ஆச்சரியமில்லை, எழுதியதில் பாதி சின்னப் பிள்ளைகள். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பையன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பொத்தென்று விழுகிறார்களாம், தலைமையாசிரியர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். எனக்கே புரியவில்லை, இப்போது எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை வண்ணம், இந்த நாலு கிழவர்களிடம் என்ன இருக்கிறது என்று. அப்பாவைக் கேட்டால் சொல்கிறார், "வாசிப்பு சுத்தமா இருக்கணும் ஃபுமியே, பொண்ணு பார்க்கிற வீட்டுல வாசிக்கிற மாதிரி சுத்தமா இருக்கணும், அப்ப விழுந்தாத்தான் சிரிப்பு, சும்மா விழுந்தா அது வெறும் விழுறது." சரிதான், அந்த நாடாவில் அவர் வாசிப்பதைக் கேட்டால் இன்றைக்கும் செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், அடுத்த நொடி பார்த்தால் ஆள் தரையில் கிடக்கிறார்.

அந்த நாடாவை ஒரு நகல் எடுத்து உனக்கு அனுப்பினோம் இல்லையா. இலையுதிர் காலத்தில் நீ பதில் போட்டாய், ஷின்பெய் காலைச் சாப்பாட்டு மேசையில் தினமும் விழுகிறான், பால் கொட்டுகிறது, தாத்தாவிடம் சொல்லுங்கள் என்று. உன்மேல் தப்பு சொல்லவில்லை கண்ணு, ஆனால் அந்தக் கடிதம்தான் அவரைக் கெடுத்தது. டிரம்பெட் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ நாலாவது படிக்கும்போது வகுப்புப் பையன்கள் உன்னைக் கண்டாலே விழுந்து காட்டுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்து, "அப்பா, நீ இனிமே விழாத" என்று சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டே உன் தலையைத் தடவினார், ஆனால் அதற்குப்பிறகு உன் பள்ளிக்கூடப் பக்கமே அவர் போனதில்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். இப்போது உன் பிள்ளையே அவரைப் போல விழுகிறான் என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நிலையத்துக்காரர்கள் புத்தாண்டு இரண்டாம் நாள் மதியம் நேரடி ஒளிபரப்பில் ஒரே ஒரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டபோது, மற்ற மூவரும் யோசிப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். பேரனுக்கு வண்ணத்தில் விழுந்து காட்ட வேண்டுமாம்.

இனி பயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் அவர் குளியலறையில் விழுந்தார். வழுக்கிவிட்டது என்றார். நவம்பரில் கடைத்தெருவில் மீன்கடைக்கு முன்னால் விழுந்தார், மீன்காரம்மா அவரை அடையாளம் தெரிந்து கைதட்டினாளாம். அதற்கப்புறம்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். இருதயம் நடுநடுவே ஓடாமல் நின்றுவிடுகிறதாம், சில நொடி நின்று மறுபடி தானே ஓடுகிறது, ஒரு நாள் ஓடாமலே போகலாம். நெஞ்சுக்குள் சின்னக் கருவி வைத்தால் சரியாகிவிடுமாம், பெரிய ஆபரேஷன்கூட இல்லை. ஆனால் வைத்தபிறகு ஒரு மாசத்துக்குமேல் அந்தப் பக்கக் கையைத் தூக்கக் கூடாது, டிரம்பெட்டைத் தொடவே கூடாது. இவர் ஜனவரி ஆறாம் தேதிக்கு நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் நாளைக்கே வா என்கிறார், இவர் ஆறாம் தேதி என்கிறார். கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் சமைக்கவில்லை, அவர் உடனடி நூடுல்ஸ் தின்றுகொண்டு, "ரெண்டாம் தேதி வரைக்கும் ஓடும்டி, வயசு அறுபத்தெட்டாச்சு, இன்னும் ரெண்டு வாரம் ஓடாதா" என்கிறார்.

ஒன்பதாம் தேதி ஒத்திகை. சோற்று உருண்டை கட்டி எடுத்துக்கொண்டு நானும் போனேன், ஸ்டூடியோ மூலையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேரைப் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பாட்டு நடுவில் நிற்கும், பாஸ் வாசிக்கிற தட்சுகிச்சி மாமா உப்புச்சப்பில்லாத கடி ஒன்று சொல்வார், அதைத் தாங்காமல் எல்லாரும் ஒன்றாகத் தரையில் விழுவார்கள், முதலில் அப்பா எழுந்து ஒரே ஒரு சுரம் ஊதுவார், அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தலை தூக்க வேண்டும். அவருக்கு முன்னால் யாரும் அசையக் கூடாது, நாற்பது வருஷமாக யாரும் அசைந்ததில்லை. அன்றைக்குத் தட்சுகிச்சி மாமா கடியைச் சொல்ல வாய் திறப்பதற்குள்ளேயே அப்பா விழுந்துவிட்டார். நான் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை, கை ஊன்றவில்லை. அடுத்த நொடி டிரம் வாதா மாமா விழுந்தார், கிட்டார் குனிஹிகோ மாமா விழுந்தார், தட்சுகிச்சி மாமா பாஸைக் கட்டிக்கொண்டு விழுந்தார். ஒருவர் விழுந்தால் எல்லாரும் விழுந்தாக வேண்டும், ஏன் என்று அவர்கள் யோசிப்பதில்லை, உடம்பு தானாக விழுந்துவிடும். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மூன்று கிழவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் ஊதலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். ஊதல் வரவில்லை. வராமல் போகப் போகச் சிரிப்பு ஏறுகிறது. மிட்சு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், நானும் சிரித்தேன். எல்லாம் தெரிந்த நான். டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போன நான். அந்த நாலு பேரும் கிடந்த கோலத்தைப் பார்த்து என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் இது நடிப்பு அல்லவே என்று உறைத்தது. சோற்று உருண்டைப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் அவர் தானே புரண்டு எழுந்து, சுற்றிலும் பார்த்து, "ஏன்டா எல்லாரும் படுத்துக் கிடக்கிறீங்க" என்றார். கூரை பிய்ந்துபோகும்படி சிரித்தார்கள். அவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ரயிலில் வரும்போது சொன்னார், நடுவில் ஒன்றும் நினைவில்லையாம்.

இதோடு முடிந்ததா. இயக்குநர் பையன் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த இடைவெளி இருக்கு பாருங்க, அது தங்கம் சார், ரெண்டாம் தேதியும் இதே மாதிரி நாற்பது நொடி எழுந்திருக்காதீங்க" என்கிறான். தாளில் எழுதியே விட்டார்கள், நாற்பது நொடி அசையாமல் கிடக்கவும் என்று. அப்படியென்றால் அன்றைக்கு நிஜமாகவே இருதயம் நின்றால், ஸ்டூடியோவில் இருக்கிறவர்களும், ஊர் உலகத்தில் பார்க்கிறவர்களும், பக்கத்தில் படுத்துக் கிடக்கிற மூன்று சிநேகிதர்களும் நாற்பது நொடி சிரித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை சிரிப்பு வருகிறதோ அத்தனையும் சாவுக்கு. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தட்சுகிச்சி மாமாவிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே நிகழ்ச்சி ரத்து. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். சொன்னால் உன் அப்பா பிழைப்பார், ஆனால் என்னோடு பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும் என்றுகூட நினைத்தேன், ஆனால் அந்த டிரம்பெட் பெட்டியில் இருக்கிற உன் கடிதம் என்னைத் தடுத்துவிட்டது. கடைசியில் போன வெள்ளிக்கிழமை அவரிடமே சண்டை போட்டு ஒரு ஏற்பாடு செய்தேன். நாற்பது நொடியும் இடது கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருங்கள், ஆடுகிறவரை நான் நம்புகிறேன் என்றேன். உயிரைப் பற்றிப் பேசுகிறேன், இந்த மனுஷன் என்ன சொல்கிறார் தெரியுமா, "செருப்பு கழண்டு போய், சாக்ஸ்ல ஓட்டை, அதுல விரல் மட்டும் ஆடுது, நல்லா இருக்கும்டி, சிவப்பு சாக்ஸா போடு" என்கிறார். அடித்துவிடலாமா என்று வந்தது. சிவப்பு சாக்ஸ் வாங்கி ஓட்டை போட்டு, ஓட்டை பிரியாமல் ஓரம் தைத்து வைத்திருக்கிறேன்.

விரல் நின்றால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தாள் என்று ஷின்பெய்க்கு நீ சொல்லியிருக்கிறாயோ இல்லையோ. மேலே விளக்கு தொங்குகிற இரும்புப் பாலத்தில் உட்கார்ந்து, கடைசியில் தட்சுகிச்சி மாமா தலையில் கை கழுவுகிற அலுமினியப் பேசினைப் போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். பேசின் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, யார் எங்கே கிடந்தாலும் எழுந்து வரிசையாக நின்று தலை குனிந்து வணங்க வேண்டும், அதை மீறினவர் கிடையாது. விரல் நின்ற நொடியே பேசினைப் போட்டுவிடுவேன், எல்லாரும் எழுந்துவிட்டால் எழாதவர் யார் என்று குருடனுக்கும் தெரியும். இயக்குநரிடம் போய், பழைய ஆளே பேசினைப் போடட்டுமே என்று கேட்டேன், அவன் குதித்துவிட்டான். டாக்டருக்கு முன்வரிசையில் இடம் வாங்கியிருக்கிறேன், பெட்டியோடு வாருங்கள் என்று சொல்லி. முதலில் "இது பைத்தியக்காரத்தனம்மா, நான் வரமாட்டேன்" என்று கத்தினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசுல நானும் உங்க நிகழ்ச்சியைப் பார்த்துட்டு எங்க பள்ளிக்கூட நடையில விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டேன்" என்றார். வருகிறார். நேற்று ஏணி ஏறிப் பார்த்தேன், இருபத்திரண்டு படி, அந்தக் காலத்தில் பேசினோடு ஓடி ஏறுவேன், இப்போது பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன். ஏறிவிடுவேன். ஏணிகூட எனக்குப் பயமில்லை, மறுபடி சிரித்துவிடுவேனோ என்றுதான் பயம். சிரிப்பில் கண் நிறைந்து விரல் தெரியாமல் போய்விட்டால்?

ஒன்று எழுத மறந்தேனே. சனிக்கிழமையிலிருந்து காலையில் கண் விழித்ததும் நான் முதலில் அவர் காலைத்தான் பார்க்கிறேன், போர்வை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி. அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கண்ணைத் திறக்காமலே, நான் தூக்குவதற்கு முன்னாலேயே, காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி விரலை ஆட்டினார். குளிக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்களுக்கு இரண்டாம் தேதி மதியம் இரண்டு மணி, உங்களுக்கு முதல் தேதி இரவு ஒன்பது. போன் பக்கத்திலேயே இரு. முடிந்த உடனே நானே கூப்பிடுவேன், நல்லதோ கெட்டதோ வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்க வேண்டாம். அவரைத் திட்டி இப்போது கடிதம் போடாதே, நான் எழுதினது தெரிந்துவிடும், திட்ட வேண்டியதை எல்லாம் ஆறாம் தேதிக்கு அப்புறம் வைத்துக்கொள். பார்சலில் ஊறுகாய்ப் பிளம், கடற்பாசி, குழந்தைக்குக் கம்பளிக் காலுறை எல்லாம் வைத்திருக்கிறேன். புத்தாண்டுக்கு பசை மாதிரி இழுக்கிற அரிசிக் கொழுக்கட்டை செய்தால் ஷின்பெய்க்குச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடு, தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மாப்பிள்ளைக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, ஆறுகிறவரை அவரை வெளியே அலையவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நூறு வயசு இருங்கள்.

ஷின்பெயை விழ வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே மிட்சு. விழட்டும், பால் கொட்டினால் கொட்டட்டும். விழுந்து கிடக்கும்போது கட்டைவிரலை ஆட்டச் சொல்லிக் கொடு, நீ பார்த்துக்கொண்டே இரு.

உன் அம்மா,
ஃபுமியே