மூன்றாம் பக்கம்

ஜெராம்
14 ஆகஸ்ட்

அன்பு மகள் அன்பரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஷர்வினும் பெர்த்தில் நன்றாக இருப்பதைப் படத்தில் பார்த்தேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைத்தான் திருப்பி அனுப்புவாய், அதனால்தான் தபால்.

அப்பாவின் கால் புண் ஆறி வருகிறது, ஆனால் இனிப்பை விடமாட்டேன் என்கிறார். நாங்கள் வளர்க்க எடுத்த நித்தியா போய்விட்டாள். போன வியாழக்கிழமை வெல்ஃபேர் ஆபீசிலிருந்து கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது, விசாரணை முடியும்வரை வேறு வீட்டில் இருப்பாளாம். தீபாவளி கழித்து அவள் வந்தபோது ஆறு வயது, எலும்பும் தோலுமாக இருந்தாள். மூன்று மாதம் தினமும் படுக்கையை நனைத்தாள், நானும் கத்தியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். தலையணைக்குக் கீழே சோற்றை உருட்டி வைப்பாள், எறும்பு மொய்க்கும். அப்பாதான் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் போட்டு, இது உன்னோடது, யாரும் தொடமாட்டாங்க என்று அவள் கையில் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் தோசையில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு விளையாட ஓடினாள். ஒரு பிள்ளை மீதி வைத்ததற்காக நான் அடுப்படியில் நின்று அழுதேன். உன்னை வளர்த்தபோதுகூட அப்படி அழுததில்லை.

அப்புறம் அவளுக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், ரத்தம் குறைகிறது என்றார்கள். பிழைத்தால் முடி கொடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். உனக்கும் அப்படித்தானே செய்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு. ஆடியில் கோயிலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். கத்தி பட்டும் அவள் அசையவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எங்க அன்பரசிய நாலு பேரு புடிச்சும் ஊரக் கூட்டுனா, இத பாருங்க லா, எவ்ளோ சமத்து என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். சந்தனம் பூசும்போது, இனிமே சோறு எடுக்க மாட்டேன் என்று காதோடு சொன்னாள். எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றையிலிருந்து டப்பாவைத் தொடவில்லை, நான் ஊட்டினால்தான் வாயைத் திறந்தாள். அடுத்த வாரம் வந்த வெல்ஃபேர் அதிகாரியம்மா தொப்பியைத் தூக்கிப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டாள். பழைய வீட்டில் பசிக்குச் சோறு எடுத்துத் தின்றபோதெல்லாம் அவளுக்கு மொட்டை அடித்து வாசலில் உட்காரவைத்திருக்கிறார்கள், மூன்று தடவை என்றாள். பிள்ளையை ஒப்படைத்தபோது கொடுத்த ஃபாரத்திலேயே எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டாள். என் மகள் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொன்னாள் என்றேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

நான் மலாய் பேசுவேன், ஆபீஸ் மலாய் படிக்க வராது என்று உனக்குத் தெரியும். அந்த ஃபாரத்தின் நாலு பக்கத்தையும் அன்றைக்கே படம் பிடித்து அனுப்பினேன், ஒரு நிமிஷத்தில் கட்டை விரல் வந்தது. கத்தியின் கீழே உட்காரவைத்தது நான்தான், அந்தப் பாவத்தை உன் தலையில் கட்டவில்லை. என் பங்கு எனக்குத் தெரியும், உன் பங்கும் உனக்குத் தெரியட்டும். வேலை, பிள்ளை, நேரமில்லை என்று போன் போட்டு அழாதே, நான் எடுக்கமாட்டேன்.

காரில் ஏறும்போது நித்தியா தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் எடுத்துக்கிட்டுப் போகல, சரியா என்று இரண்டு தடவை கேட்டாள். சரி என்று சொன்னேன்.

தையில் ஷர்வினுக்கு மொட்டை போட வருவதாகச் சொன்னாய். வாருங்கள், கோயிலில் நான் சொல்லிவைக்கிறேன். அவன் அழுதால் வாயைப் பொத்தாதீர்கள், நன்றாக அழட்டும். அவனுக்கு இருமல் என்றாயே, ஐஸ்கிரீம் கொடுக்காதே. அம்மன் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். மறக்காமல் உறைக்குள் பார், மூன்றாம் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். இப்போதாவது படி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
நாகமணி அர்ஜுனன்