இடப்பக்கப் பச்சை

1972 பெப்ரவரி 8
உயர்தர வகுப்புக்கு, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் புதிய நெய்யரி வந்திருக்கிறது. சிறு கண்ணாடித் துண்டுதான்; ஆனால் ஓர் அங்குலத்துக்குள் இருபத்தையாயிரம் கோடுகள்! வலக்கண்ணருகே பிடித்து, பாதரச விளக்கின் முன்னுள்ள பிளவை நேராகப் பார்த்தால் பச்சைக்கோடு இரண்டு பக்கமும் வெகுதூரம் விலகி நிற்கிறது. பழைய நெய்யரியில் நடுவுக்குக் கிட்டவே நிற்கும்.

பெப்ரவரி 11
பிளவின் முன்னால் போலரொயிட் தாளைப் பிடித்தேன். அதனூடாக வரும் ஒளி ஒரே திசையில் அதிரும். நெய்யரியின் கோடுகள் இவ்வளவு நுண்மையானால், அந்தத் திசைக்கேற்பப் பிரகாசமும் மாறும் என்று படித்ததுண்டு. தாளைத் திருப்பினேன். வலப்பக்கப் பச்சை சற்று மங்கியது. இடப்பக்கப் பச்சை – அணைந்தே போனது. இரண்டும் ஒன்றுபோலல்லவா மங்க வேண்டும்?

பெப்ரவரி 12
நெய்யரியைத் தலைகீழாக்கினேன். விளக்கை நகர்த்தினேன். அணைவது இடப்பக்கம்தான். எல்லார் கண்ணிலும் உள்ள குருட்டுப்புள்ளியோ? வலக்கண்ணுக்கு அது வலப்புறம். அதுவுமில்லை. அப்படியானால் இது யாரும் காணாத ஒன்றா? கொழும்பில் விஞ்ஞானக் கூட்டமொன்றில் சொல்லலாமா?
மனைவி நளீரா, “அப்ப ஒங்க பேரு பேப்பர்ல வருமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பெப்ரவரி 25
இரசாயன ஆசிரியை ராமலட்சுமியை நெய்யரி வழியே பார்க்கச் சொன்னேன்.
“ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் மங்குது சேர். எதுவும் அணையலியே.”
திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு தயங்கி, “படியில எறங்கறப்ப இடது பக்கம் யாரு வந்தாலும் இடிச்சிக்கிறீங்க சேர். கண்ண ஒருக்கா காட்டுங்களேன்” என்றார்.
கத்திவிட்டேன். எனக்கென்ன கேடு? கண்ணாடி போட்டு ஒரு வருஷங்கூட ஆகல்ல!

பெப்ரவரி 26
இன்று இடக்கண்ணால் மட்டும் பார்த்தேன். போலரொயிட் இல்லாமலே இடப்பக்கம் பச்சை இல்லை.

மார்ச் 6
பதுளை ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிறதாம். இடக்கண் இன்னும் மோசம். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கப் பார்ப்போம் என்றார் டொக்டர். சொட்டு மருந்து தந்திருக்கிறார்.
புதிய நெய்யரி ஒளியை அகல விரித்து, என் பார்வை செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. தாள் அதைக் கொஞ்சம் மங்கவைத்தது. அந்தக் கொஞ்சமே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. ஒளியில் ஒரு புதுமையும் இல்லை.
பஸ்ஸில் நளீரா என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்தபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

மார்ச் 9
ராமலட்சுமியிடம் சொன்னேன். “அழுத்தம்னா சொகமாகிரும் சேர்” என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 20
வாசிப்பதென்றால் தலையைத் திருப்பித் திருப்பி வரி தேட வேண்டியிருக்கிறது. மருந்து எரிகிறது.

செப்டெம்பர் 14
வகுப்புக்குள் போனதும் வலப்பக்க வாங்குகளில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையைத் திருப்பினேன். இடப்பக்க வாங்குகள் காலி.
“யார் இப்படி இருக்கச் சொன்னது?”
காமிலா எழுந்தாள். “யாரும் சொல்லல்ல சேர்.”
பாடத்தைத் தொடங்கினேன்.