நான்கு விமானக் கம்பெனிகளுக்குப் புள்ளி போட்ட நாட்கள்

ஜூன் 2, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. றப்பர் மரமெல்லாம் ஈரம், அப்பாவுக்குப் பால்வெட்டு இல்லை. லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடையாது. லெப்டொப்புடன் கோயில் மேட்டுக்கு, குடை பிடித்துக்கொண்டு.

புது வேலை. கொழும்பு ஒபிஸிலிருந்து, கூட வேலை செய்யும் பஸ்லினா அனுப்பியது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்காக, விமானத் துறையில் நான்கு கம்பெனிகளை ஒப்பிட வேண்டும். யாருடைய கணினிக்குள் திருடன் சுலபமாக நுழைவான், யாருடையதில் கஷ்டப்படுவான். பத்துக்குப் புள்ளி, பாதுகாப்பு கூடினால் புள்ளி கூடும். இரண்டு விமானச் சேவைகள். ஒன்று விமானம் பழுதுபார்ப்பது. நான்காவது, பயணப்பொதி ஏற்றி இறக்குவது.

நான்காவதன் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என்னை வேலையிலிருந்து துரத்திய கம்பெனி.

மூன்று வருடமாகிறது. பயணிகள் பட்டியல் களவு போனது. மேனேஜர் நி. எல்லோர் முன்னாலும் சொன்னது: "தோட்டத்துப் பிள்ளைதானே. பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்திருக்கும்." அன்றைக்கே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது புள்ளி போடுவது நான்.

ஜூன் 3, செவ்வாய்
மழை விட்டு விட்டு. சவர்க்காரம், கருவாடு வாங்க வேண்டும்.

வி.சேவை இரண்டுக்கும் 7, 6. பழுதுபார்ப்பு 6. நேர்மையாகப் போட்டேன்.

நான்காவது: காலாவதியான மென்பொருள். 3 தகும், 1 போட்டேன். மின்னஞ்சல் பாதுகாப்புக்கு 5 தகும், 2. மற்றவற்றையும் சேர்த்துச் சராசரி 3. நி. அதைப் பார்க்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைக்க நினைக்க இனித்தது. இரண்டு தட்டுச் சோறு.

ஜூன் 4, புதன்
கடைசி வேலை, களவுபோய் இணையத்தில் கிடக்கும் பாஸ்வேர்டுகளின் பட்டியலில் கம்பெனி மின்னஞ்சல்களைத் தேடுவது. அங்கே இருந்த என் பழைய முகவரி இல்லை. நி.யினுடையது இருக்கிறது. பயணிகள் பட்டியல் போவதற்கு இரண்டு மாதம் முந்தியது. மூன்று தடவை பார்த்தேன்.

கம்பெனி நிரப்பி அனுப்பிய படிவத்தில் நி. கையெழுத்து. "முந்தைய சம்பவம்: ஊழியர் ஒருவரின் கவனயீனம். அவர் நீக்கப்பட்டார்." காலில் அட்டை ஏறியது கூடத் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்லினாவுக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்,

"நீ எழுதாத. ஒன்ன வெளிய போட்ட கம்பெனி. பழிவாங்கிட்டாள்னு ஒரே வரியில தள்ளிருவாங்க."

"வாங்கத்தான் போறேன்."

"அப்ப கைய எடு. ஒழுங்கா மாட்டட்டும்."

கோலை வைத்துவிட்டுக் காலிலிருந்த அட்டையைத் தட்டிவிட்டேன். பிறகு 1, 2 எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றும் பல் பிடுங்குவது போல. ஒபிஸ் பெரியவருக்கு மின்னஞ்சல்: இந்தக் கம்பெனி முன்பு என்னை நீக்கியது, நான் இதைத் தொடக்கூடாது. பஸ்லினா முதலிலிருந்து செய்கிறாள்.

ஜூன் 9, திங்கள்
வெயில். துணி காய்ந்தது.

களவுபோன பாஸ்வேர்டையும் கணக்கில் எடுத்து பஸ்லினா போட்ட புள்ளி 2. நான் கோபத்தில் போட்டதே 3! "ஒனக்கு எரக்கம் ஜாஸ்தி" என்று சிரிக்கிறாள். நி.யின் பாஸ்வேர்டு விஷயம் அறிக்கையில் தனிப் பந்தியாக, திகதியுடன். நான் விலகிக்கொண்டதும் முதல் பக்கத்தில், பெயரோடு.

வரைவைக் கம்பெனிகளுக்கும் அனுப்பியிருந்தார்கள்; பின்னேரம் நி. கோல் எடுத்தார். சிங்களத்தில், தங்கச்சி என்று தேன் ஒழுக. "நங்கி, ஒரு பந்திதானே, எடுத்துவிடலாமே. பழைய வேலையும் காலியாகத்தான் இருக்கிறது."

நானும் சிங்களத்திலேயே சொன்னேன்: "அந்த ஃபைல் என்னிடம் இல்லை சேர். தோட்டத்துப் பிள்ளையிடம் கொடுத்தால் வெளியே போய்விடும் என்று வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்."

நான் வைக்கவில்லை, அவர்தான் வைத்தார்.

ஜூலை 11, வெள்ளி
ஒரு மாதம் எழுதவில்லை. பஸ்லினாவின் அறிக்கைக்குப் பிறகு பொதி வேலை கொடுத்த விமானச் சேவைகள் கேள்வி கேட்க, அந்தக் கம்பெனி விசாரணை வைத்தது. இன்று பதிவுத் தபால். பட்டியல் போனது நி.யின் கணக்கிலிருந்து. என் மேல் குற்றமில்லை. வருந்துகிறார்களாம். நி. பதவியில் இல்லை.

அப்பா வெட்டு முடிந்து வந்து, கை கழுவாமலே கேட்டார்.

"என்னம்மா போட்டிருக்கு?"

சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வருசமா ஒங்கிட்ட கேக்கல நானு. ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம்."

நி. மேல் இருந்த கோபம் இன்னொரு தடவை புதிதாக ஏறியது.

"படிச்சுக் காட்டும்மா. தமிழ்ல."

வாசலுக்கு வந்து நின்றுகொண்டு படித்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் அந்த நாளில் என்னென்னவோ பேசியவர்கள்தான். நி.யின் முழுப்பெயர் வரும் இடத்தில் மட்டும் நன்றாகச் சத்தமாக, இரண்டு தடவை.