தாழ்ப்பாள் இல்லாத நாடு

மார்ச் 4

எடிட்டர் போனில் புகழ்ந்து தள்ளிவிட்டார். என் நாவலின் சர்வாதிகாரி நாட்டிலுள்ள எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாளையும் கழற்றிவிடுகிறான். குளியலறையில் இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் காவலர் உள்ளே நுழைவார். இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். கற்பனை என்று அடித்துவிட்டேன். கற்பனையாவது கத்திரிக்காயாவது! என் அப்பா நடத்திய வீடு அது. வாய் நிறைய நுரையோடு பாடி வளர்ந்தவள் நான். அண்ணன் இன்று கல்யாண வீடுகளில் பாடிச் சம்பாதிக்கிறான் என்றால், அந்தக் கொடுங்கோன்மையின் புண்ணியம்.

மார்ச் 9

அப்பா கைப்பிரதியைக் கேட்கிறார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் இந்த ஓய்வு பெற்ற ஃபோர்மேனும்தான். நாவலின் அதிபருக்கு அப்பாவுடைய மூக்கு, நடை, தும்மல் எல்லாம் வைத்திருக்கிறேன். கடைசியில் ஜனங்கள் அவனை அடித்தே கொல்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டால்? பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். போகட்டுமே என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 10

கொடுத்துத் தொலைத்தேன்.

மார்ச் 13

படிக்கிறார். சிரிக்கிறார். எட்டிப் பார்த்தேன் — அதிபர் தும்முகிற இடம். இந்த மனுஷனை என்ன செய்வது?

மார்ச் 15

சாப்பிடும்போது ஆரம்பித்தார். ஆள் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம். கொன்றதில்கூட வருத்தமில்லையாம்.

"தாழ்ப்பாள ஏன் கழட்டினான்னு நீ எழுதவே இல்லயேம்மா."

அதிகாரத் திமிர் என்றேன்.

"உனக்கு அப்ப ஒரு வயசு. உங்கம்மா பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு விஷத்தக் குடிச்சிட்டா. கதவ உடைச்சுதான் தூக்கினேன்."

அதற்குப் பிறகும் அம்மா எத்தனை வருஷம் இருந்தாள், தினமும் உள்ளே பாடிக்கொண்டு. இந்தாளு வெளியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?

மார்ச் 22

சட்டங்களில் ஒன்றையும் தொடவில்லை. அட்டூழியம் அட்டூழியம்தான், தாழில்லாத அறையில் பயந்து பயந்து உடை மாற்றிய எனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பக்கம் சேர்த்தேன். இன்னும் அதிபராகாத ஒருவன் வலது தோளால் ஒரு கதவை முட்டுகிறான். உள்ளே சத்தமே இல்லை.

வில்லனுக்குக் காரணம் கொடுத்தால் மிரட்டல் போய்விடும் என்று எடிட்டர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அப்பாவிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். படித்தார். என் பேனாவை வாங்கி, வலது என்பதை அடித்துவிட்டு இடது என்று எழுதினார்.

"வலது கையில நீ இருந்தே."