மகாராணியை இழுக்க ஒரு வண்டி

மார்ச் 3
இன்றும் ஒரு வண்டி வேண்டாமென்று ஆகிவிட்டது. எங்கள் குதிரை மகாராணி அரை டன், அவள் ஏறும் ட்ரெய்லர் ஏறக்குறைய ஒரு டன். இரண்டையும் இழுக்க ஒரு வண்டி தேடி அக்காவும் நானும் செருப்புத் தேய அலைகிறோம். ஒவ்வொரு போட்டிக்கும் வாடகை வண்டிக்காரரிடம் கெஞ்சியது போதும். குதிரை இருவருக்கும் பொது, வண்டியும் பொதுவாகத்தான். அக்கா குனிந்து ட்ரெய்லர் மாட்டும் கொக்கியை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "துருப்பிடிச்சிருக்குடி. என்ன அவசரம்?" அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தனியாகப் போயிருந்தால் எதையாவது என் தலையில் கட்டியிருப்பார்கள்.

மார்ச் 9
பழைய டீசல் ஜீப். பார்த்ததும் பிடித்துவிட்டது. நல்ல கனம். இலேசான வண்டியென்றால் இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், பிரேக் போட்டும் பயனில்லை. அக்கா சுற்றிச் சுற்றி வந்தாள், குறை அகப்படவில்லை. கடைசியில் "கலர் நல்லாயில்ல" என்றாள். கலரா! மாப்பிள்ளையா பார்க்கிறோம்?

மார்ச் 12
அக்கா வேலையாக வெளியூர். ஜீப்காரரை லாயத்துக்கே வரவழைத்தேன், மகாராணியை ஏற்றியே ஓட்டிப் பார்த்துவிடலாமென்று. அவளை ட்ரெய்லரில் ஏற்றுவது சாமானியமா? கேரட்டைக் காட்டி, கெஞ்சி, திட்டி ஒரு மணி நேரம் ஆகும். இன்று கதவை இறக்கினேன், சொந்த வீட்டுக்குள் போவது போல் தானே ஏறி நின்றாள். "நல்லா பழக்கி வெச்சிருக்கீங்கம்மா" என்றார் ஜீப்காரர். பெருமையாகத் தலையாட்டினேன். ஜீப் ஏற்றத்தில் திணறவில்லை, இறக்கத்தில் நினைத்த இடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்து கைகழுவும்போதுதான் உறைத்தது. நான் பழக்கவே இல்லையே. அப்போ யாரு?

மார்ச் 13
லாயக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! மகாராணிய விலைக்குக் கேட்டவங்க வண்டி அனுப்புறாங்க. உங்க அக்காதான் கூட நின்னு ஏத்தி விடுறாங்க. வாங்குறவங்க வீட்டுப் பொண்ணு சவாரி பழகுதாம்."

"எவ்ளோ நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்தே."

மார்ச் 14
என்கூட வந்து, குனிஞ்சு நிமிர்ந்து, ஒவ்வொரு வண்டியா பார்த்தாளே - எப்படி முடிஞ்சது அவளால?

மார்ச் 16
அக்கா வந்தாள். மறுக்கவில்லை. "உன்னால சமாளிக்க முடியலடி. நல்ல இடம். விக்கிறதுக்கு உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"அப்போ எதுக்கு என்கூட வண்டி பாக்க வந்தே?"

"நீ பாட்டுக்கு எதையாவது வாங்கித் தொலைச்சுடக் கூடாதேன்னுதான். அதான் ஒவ்வொண்ணா வேணாம்னு சொல்லிட்டிருந்தேன்."

அதையும் எனக்குச் செய்த உபகாரம் மாதிரி சொல்கிறாள்! நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, உன் சட்டையில் ரத்தம் படாமல் பார்த்துக்கொண்டேனே என்பது போல. அவள் முன்னால் அழக் கூடாதென்று இருந்தேன். அழுதேன். கையெழுத்துப் போட மாட்டேன், உன் பங்கை நானே எடுத்துக்கறேன் என்றேன். "என்னமோ பண்ணு" என்று கிளம்பிவிட்டாள்.

மார்ச் 29
ஜீப் வந்துவிட்டது. இன்று மகாராணியை மலைக்கு அந்தப் பக்கத்து லாயத்துக்கு நானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா கேட்டார், "நீங்க இல்லாதப்போ யாராவது வந்து கேட்டா குதிரைய வெளிய விடலாமா?"

"யாருக்கும் விடாதீங்க."

"வீட்டாளுங்க வந்தா?"

"அவங்களுக்குத்தான் முக்கியமா விடக் கூடாது."