வாய்க்குள் பேசும் நடிகர்கள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

புதுப் படங்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. நடிகர்கள் வார்த்தைகளை மென்று விழுங்குகிறார்கள். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கேட்டிருந்தால் எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். போன வாரம் பார்த்த பேய்ப் படத்தில் பேய் ஒன்றுதான் திருத்தமாகக் கத்தியது.

இன்று நாள் முழுவதும் மழை. பக்கத்து வீட்டு லட்சுமியோடு டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். என் கணவர் இருந்த காலத்தில் வேலூர் கொட்டகையில் இருவருமாகப் பார்த்த படம். கோர்ட் காட்சியில் கதாநாயகன் குரல் கணீரென்று இருக்கும். இன்று அவனும் வாய்க்குள்ளேயே பேசினான். லட்சுமி சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

"இன்னா சொன்னான்னு கேட்டுச்சாங்கம்மா?" என்றாள்.

"பிரிண்ட் சரியில்லை" என்றேன்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. இதுக்கு மேல சத்தம் வெச்சா எங்க வூட்டு மாடு கயித்த அறுத்துக்கினு பூடும்."

மகனுக்குத் தெரிந்தால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னைச் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவான். லட்சுமி அவனிடம் போனில் பேசுகிறவள்.

தகரக் கூரையில் சத்தமே இல்லை. மழை விட்டுவிட்டதென்று ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன். முழங்கை வரை நனைந்துவிட்டது.