உள்ளிப் பாத்தியில் ஒரு மணத்தக்காளி

அக்கா,

இன்று காலை உள்ளிப்பூண்டு நடுவதற்காகப் பாத்தியைக் கொத்தினேன். களையோடு களையாக ஒரு மணத்தக்காளிச் செடி கையில் தட்டுப்பட்டது. கசங்கிய இலையின் வாசனை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனை எனக்குப் பசியைத் தருவதில்லை. பயத்தைத்தான் தருகிறது.

எழுபதுகளின் கடைசியில், மெல்பேர்னில் நம் தேவாலயத் தெருவில் இருந்த வெறுங்காணியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து அயலவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அடுத்தடுத்த பாத்திகள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் கதைக்க நாம் இரண்டு பேர்தான். ஊரில் வெயில் கொளுத்தும் சித்திரை, அங்கே இலையுதிர்காலம். காய்த்து ஓய்ந்த தக்காளியைப் பிடுங்கிவிட்டுக் கோவா, லீக்ஸ் என்று குளிர்கால மரக்கறிகளை நடவேண்டும்.

"எல்லாத்தையும் பிடுங்கு, இதை மட்டும் விடு. மணத்தக்காளியடி! களையெண்டு எறியிறாங்கள், விசரங்கள்" என்று சிரித்தீர்கள். நன்றாகக் கறுத்த பழங்களாகப் பார்த்து என் மூன்று வயது மகளின் கையில் ஒரு பிடி வைத்தீர்கள்.

அவள் வாயெல்லாம் ஊதாவாகத் தின்றுகொண்டு நின்றபோதுதான், அடுத்த பாத்திக் கிழவர் ஜிம் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். "பொய்சன்! பொய்சன்!" இந்த நஞ்சுப் பழத்தைத் தின்றால் கண்ணின் கருமணி விரியும், பிறகு பிள்ளை மயங்கிவிடும் என்றார். டொக்டரிடம் காட்டச் செடியில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு கார் எடுக்கப் போனார்.

"அக்கா, வடிவாத் தெரியுமோ?"

"தெரியாமலே குடுப்பன்? ஊரிலை எத்தினை தரம் கறி வைச்சனான்!"

"இது ஊரில்லை அக்கா."

நீங்கள் செடியில் மிச்சமிருந்த பழங்களை உருவி, அத்தனையையும் விழுங்கினீர்கள். "அவளுக்கு என்ன நடக்குதோ, எனக்கும் நடக்கட்டும். ஏறு காரிலை."

ஆஸ்பத்திரி வரைக்கும் மகளின் கண்களையே பார்த்தபடி இருந்தேன். கார் ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் கருமணி பெரிதாகியது. "விரியுது அக்கா!" என்று அலறினேன்.

"நிழலடி! நீயெல்லாம் ஒரு ரீச்சர்!"

உண்மைதான். வகுப்பில் ஒரு பிள்ளையை யன்னலடியில் நிறுத்தி, கண்ணைப் பொத்தித் திறக்கச் சொல்லி, வெளிச்சம் பட்டதும் கருமணி சுருங்குவதை எத்தனை முறை காட்டியிருப்பேன். என் பிள்ளை என்றதும் படிப்பித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. பாலம் கடந்ததும் கருமணி சுருங்கியது. ஆனால் இப்போது அவள் கொட்டாவி விட்டாள். மத்தியானத் தூக்கமா, நஞ்சா? கன்னத்தைத் தட்டித் தட்டி அழவைத்துக்கொண்டே போனேன். என் முழங்கையைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் நடுங்கின. அன்று என்னை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது அந்த நடுக்கம்தான்.

டொக்டர் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜிம் பயந்த நஞ்சுச்செடி தனித்தனியாகக் காய்க்கும், இது கொத்தாகக் காய்த்திருக்கிறது என்றார். என்றாலும் பின்னேரம் வரை உங்களையும் மகளையும் இருத்திவைத்தார். மகள் தூங்கி எழும்பி "பசிக்குது" என்றபோதுதான் நீங்கள் அழுதீர்கள்.

போன வருடம் நீங்கள் நோயாய்க் கிடந்த கட்டிலருகே இருந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு எனக்கும் நிச்சயமில்லையடி. நீ 'இது ஊரில்லை' எண்டு சொன்னாப்பிறகு, எனக்குத் தெரிஞ்ச செடிதானோ எண்டு பயந்திட்டன். அதுதான் முழுக்கத் திண்டனான்."

இன்று மகள் வந்திருந்தாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவளுக்கு. "மணத்தக்காளியே அம்மா? தாங்கோ" என்று கை நீட்டினாள். கொத்தாகத்தான் இருந்தது. நன்றாகக் கறுத்தும் இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

என்றாலும் முதல் பழத்தை என் வாயில் போட்டேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பொறு பிள்ளை," என்றேன், "கொஞ்சம் பொறு."